மூன்று முறை கேட்ட மேசை

சமூகத் தோட்டங்களுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைமாருக்கு,

உங்கள் கூட்டத்துக்கு வந்து நாலு வார்த்தை பேசும்படி கேட்டீர்கள். பேசினால் நான் வழிமாறிப் போய்விடுவேன். எழுதினால் ஒழுங்காக வரும். ஆகவே எழுதித் தருகிறேன். எந்த மாதம் எதை விதைப்பது, உறைபனிக்கு முன் எதை மூடுவது என்பதையெல்லாம் இதில் தேடாதீர்கள். அவற்றைச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதில் பிழை விட்டாலும் அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம். வாசலில் ஒருவர் நின்றுகொண்டு, பதில் இப்போதே வேண்டும் என்று கேட்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் எவரும் சொல்லித்தருவதில்லை.

நான் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவள். கிழமையும் காலநிலையும் என்னிடம் பிழையாகாது. முழங்கால்கள் முந்திக்கொண்டதால் அறுபதுக்கு முன்னரே வேலையை விட்டேன். ஞாபகம் இன்னும் விடவில்லை.

நீங்கள் இன்று வேலை செய்யும் தோட்டங்களில் சில, ஒரே பண்ணையிலிருந்து பிரிந்து போனவர்கள் தொடங்கியவை. அந்தத் தாய்ப் பண்ணை எட்மண்டனுக்கு வடக்கே, லண்டன் முடிந்துவிட்டதா இல்லையா என்று பஸ்ஸுக்கே சந்தேகம் வரும் இடத்தில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதை ஆரம்பித்தவர் ஒரு பப்டிஸ்ட் போதகர். வெள்ளைக்காரர், நெடிய மனிதர், மழை வெயில் எதற்கும் ஒரே சப்பாத்து. நகருக்குள் அவர் போதகராக இருந்த சபைக்குக் கரீபியன் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் வரத் தொடங்கியபோது, பழைய ஆட்களில் சிலர் மெல்ல மெல்ல வேறு சபைகளுக்குப் போனார்களாம். யாரும் சண்டை பிடிக்கவில்லை. "தூரம் கூடிவிட்டது" என்றார்களாம். வீடு மாறாமலே தூரம் கூடிய மனிதர்களைப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் மட்டும் மனிதர் சேரமாட்டார்கள். சேர்ந்து மண் கிண்டி, சேர்ந்து சமைத்து, ஒரே பணப்பெட்டியில் வாழ்ந்து பார்க்கவேண்டும். கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நாற்றுப் பண்ணையை, உடைந்த கிரீன்ஹவுஸ்களோடு குத்தகைக்கு எடுத்தார். அவரோடு வர விரும்பிய குடும்பங்கள் வந்தன. சில வருடங்களில் இலங்கைத் தமிழரான நாங்களும் வந்து சேர்ந்தோம்.

போதகர் எங்களை மதம் மாறச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன் அவர் ஜெபம் செய்வார், நாங்கள் பேசாமல் இருப்போம். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சைவம் என்பதால் பண்ணையில் எவருக்கும் இறைச்சி இல்லை. எங்கள் சமையலறையின் அரசி மேர்ல், ஜமேக்காவிலிருந்து வந்தவர், அந்த நாளை "வாராந்தத் தண்டனை" என்று அழைப்பார். ஆனால் ஒரு வெள்ளியும் தவறவிடமாட்டார்.

பண்ணையின் சட்டங்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டு மேசையைச் சுற்றியே இருந்தன. தன் மொழி பேசுகிறவருக்குப் பக்கத்தில் எவரும் உட்காரக் கூடாது. சொந்த மொழியில் பேசலாம், ஆனால் பேசியதை மற்றவர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டும். கூட்டம் சாப்பாட்டுக்கு முன்னர்தான்; வயிறு காய்ந்தால் எவரும் நீட்டிப் பேசமாட்டார்கள் என்பது போதகரின் நம்பிக்கை. கூட்டத்தை நடத்துபவர் வாரத்துக்கு வாரம் மாறுவார். பெரும்பான்மை என்று ஒன்று கிடையாது. ஒரே ஒருவர் "இல்லை" என்றாலும் அந்த விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? இந்தச் சட்டம்தான் எங்களை ஒரு குளிர்காலம் முழுவதும் பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் சாப்பிட வைத்தது.

அந்தச் சின்ன முட்டைக்கோவாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் போதகர், "மேற்குப் பக்க நிலத்தில் ஸ்ப்ரவுட்ஸ் போடலாமா?" என்று கேட்டார். எவரும் இல்லை என்று சொல்லவில்லை. நிலம் முழுவதும் போட்டோம். தை மாதம் உறைபனியில் விரல் விறைக்க விறைக்கப் பறித்தோம். வாங்குவார் இல்லை. ஆகவே சாப்பிட்டோம். அவித்து, வதக்கி, தேங்காய்ப்பூப் போட்டு வறுத்து. ஒருநாள் மேர்ல் கரண்டியை மேசையில் குத்தினார்.

"இதை யார் கேட்டது? ஒருவர், ஒரே ஒருவர் கையை உயர்த்துங்கள்."

எல்லோரும் பீட்டரைப் பார்த்தோம். பீட்டர் முன்பு தபால்காரராக இருந்த இங்கிலீஷ்காரர். ஸ்ப்ரவுட்ஸ் அவருடைய தேசத்துச் சாப்பாடு என்பது எங்கள் எண்ணம்.

"என்னை ஏன் பார்க்கிறீர்கள்? ஏழு வயதிலிருந்து எனக்கு இது பிடிக்காது" என்றார் பீட்டர். "போதகருக்கு விருப்பம் என்று நினைத்தேன்."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சும்மா ஒரு யோசனையாகத்தான் சொன்னேன். தமிழ்க் குடும்பங்கள் அவ்வளவு வேகமாகத் தலையாட்டியதால் உங்களுக்குத்தான் விருப்பமாக்கும் என்று…"

எங்களில் மூத்தவர் குணம் அண்ணை. அவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "பாதர் கேக்கேக்க எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது? மரியாதை இல்லையே. அதோட, அது என்ன சாமான் எண்டே எனக்குத் தெரியாது."

சட்டப்படி நான் மொழிபெயர்த்தேன். மேர்ல் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. போதகரைப் பாதர் என்று கூப்பிட வேண்டாம் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியும் குணம் அண்ணை விடவில்லை. கத்தோலிக்கருக்கும் பப்டிஸ்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளத் தனக்கு இன்னொரு பிறவி வேண்டும் என்பார்.

இங்கிலீஷ்காரர் நாகரிகத்துக்காகப் பேசவில்லை, நாங்கள் மரியாதைக்காகப் பேசவில்லை, மற்றவர்கள் சண்டை வேண்டாம் என்று பேசவில்லை. அன்று இரண்டு புதிய விதிகள் போட்டோம். ஒன்று, எந்த விஷயத்திலும் "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். மற்றது, இல்லை என்று சொல்லுகிறவர் அடுத்த கூட்டத்துக்கு வேறு ஒரு வழியோடு வரவேண்டும். இரண்டாவது விதி பீட்டருடையது. அது இல்லாவிட்டால் மேர்ல் எல்லாவற்றுக்கும் இல்லை என்பார் என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானது.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். இது தொண்ணூறுகளின் முற்பகுதி.

குணம் அண்ணையை உங்களுக்கு இன்னும் கொஞ்சம் தெரியவேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் லொறி ஓட்டியவர். மனைவியும் மகளும் ஊரில். அகதியாக ஏற்கும்படி இவர் கொடுத்த பத்திரங்களுக்கு ஹோம் ஒபிஸ் இன்னும் பதில் சொல்லவில்லை. பெட்டி அடுக்கும் கொட்டிலுக்கு மேல் இருந்த அறையில் தங்கியிருந்தார். தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும்போது அவர் யாரோ ஒருவர். சாமான் ஏற்றும் எங்கள் பழைய வானின் ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் குணம் அண்ணை. இந்த நாட்டு லைசென்ஸை அவர் இரண்டாம் முறை சோதனைக்குப் போய் எடுத்த அன்று நாங்கள் கேக் வெட்டினோம். போதகரே அதில் ஐசிங்கால் ஒரு வான் வரைந்திருந்தார். எல்லோரும் அதைப் பசு என்று நினைத்தோம்.

அந்த வருடம் நிலத்தின் சொந்தக்காரர், குத்தகையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் எங்கள் விளைச்சலை ஒழுங்காக வாங்க ஒருவர் இருப்பதைக் கோடை முடியுமுன் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார். நியாயமான மனிதர்தான், வாடகை பிந்திப் பிந்தி வந்து அவருக்கு அலுத்துவிட்டது. குத்தகை போனால் நிலம் போகும். நிலத்தோடு வீடும், கொட்டிலுக்கு மேல் இருந்த அறையும் போகும்.

இந்த நேரத்தில்தான் சில காய்கறிக் கடைகளை வைத்திருந்த ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில். தக்காளியைக் கையில் எடுத்து முகர்ந்தார். அது நல்ல அடையாளம். வியாபாரம் தெரிந்தவன்தான் முகருவான். வாரா வாரம் எல்லாவற்றையும் எடுப்பதாகச் சொன்னார். போதகரின் முகம் மலர்ந்தது.

"ஒரு சின்ன விஷயம்" என்றார் அவர். "கடைகளுக்குச் சரக்குக் கொண்டுவருபவர் இங்கிலீஷ்காரராக இருந்தால் நல்லது. நானும் இடைக்கிடை இங்கே வந்து பார்ப்பேன், சில வேளை வாடிக்கையாளர்களையும் கூட்டிவருவேன். அந்த நேரத்தில் கண்ணில் படுகிறவர்களும் அப்படியே இருந்தால் நல்லது. எனக்கு ஒன்றுமில்லை, பாருங்கள். வாடிக்கையாளர்கள் பழைய காலத்து ஆட்கள்."

நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் தக்காளிப் பெட்டியோடு. அவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். கெட்ட நிபந்தனைகள் உறுமிக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். நான் கண்டவை அநேகமாகச் சிரித்துக்கொண்டே வந்தன. வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் கூட்டம் நடத்துவது என் முறை.

வியாழன் மதியம் எல்லோரும் உட்கார்ந்தோம். அடுப்பில் மேர்லின் பூசணி சூப். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் குணம் அண்ணை கையை உயர்த்தினார். ஆங்கிலத்திலேயே சொன்னார்: "எனக்குப் பரவாயில்லை. வானைப் பீட்டர் ஓட்டட்டும். நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன்."

பீட்டரின் காது சிவந்தது. "உங்களுக்குப் பரவாயில்லை என்றால்…" என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

போதகர் எப்போதும் கடைசியில்தான் பேசுவார். அன்றும் பேசாமல் இருந்தார். நான் மேர்லைப் பார்த்தேன். உப்பின் அளவிலிருந்து யன்னல் திரையின் நிறம் வரை எல்லாவற்றுக்கும் இல்லை சொல்லும் மேர்ல், தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்தது எனக்கு விளங்கியது. குணம் அண்ணைக்குப் போக வேறு இடம் இல்லை. தான் இல்லை என்று சொல்லி அவருடைய அறையைப் பறித்துவிடக் கூடாது. குணம் அண்ணை யோசித்ததும் விளங்கியது. தன் ஒருவனால் மேர்லின் வீடு போய்விடக் கூடாது. மேசையைச் சுற்றியிருந்த எவரும் கெட்டவரில்லை. ஆளுக்காள் மற்றவருக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அந்த மனிதர் கேட்டதையே கொடுக்கப் போனார்கள்.

"யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டேன். இல்லை.

இரண்டாம் முறை கேட்டேன். சூப் கொதிக்கும் சத்தம் மட்டும்.

கூட்டம் நடத்துபவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது என்பதும் ஒரு விதி. நான் விதிகளை மீறாதவள். ஆனால் விதியை முழுவதும் வாசிப்பவள். மூன்று முறை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. மூன்றையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

"சூப் அடிப்பிடிக்கப் போகிறது" என்றேன். "மூன்றாம் முறை சாப்பிட்ட பிறகு கேட்பேன்."

எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். உட்காரும் விதியின்படி குணம் அண்ணை எனக்கு எதிர்ப்பக்கத்தில், மேசையின் மறு கோடியில் இருந்தார். ஆகவே அவரோடு பேசுவதென்றால் உரத்துத்தான் பேசவேண்டும்.

"அண்ணை, ஒரு சந்தேகம். அந்த ஆள் இடைக்கிடை வந்து பாப்பன் எண்டு சொன்னவர்."

"ஓம், வரட்டும். ஆர் வேண்டாமெண்டது?"

"அவர் வாற நேரம் உங்களை எங்க நிக்கச் சொல்லுறது?"

அண்ணை கரண்டியை நிறுத்தினார். "கிரீன்ஹவுசுக்குள்ள நிப்பன்."

"அவர் அதைத்தானே பாக்க வாறார்."

"அப்ப பெட்டி அடுக்கிற கொட்டிலுக்குள்ள."

"பெட்டியையும் திறந்து பாப்பார்."

"மேல என்ர அறைக்குள்ள போய்ப் படுப்பன்."

"பட்டப்பகலில படுத்தா ஆர் உங்கட வேலையைச் செய்யிறது?"

"என்ன கதைக்கிறீர்கள்? மொழிபெயர்ப்பு!" என்று மேர்ல் தட்டைத் தட்டினார். மொழிபெயர்த்தேன். பீட்டர் நல்ல மனதோடு உதவிக்கு வந்தார்: "சமையலறையில் நிற்கலாமே?"

"என் சமையலறையிலா?" என்றார் மேர்ல். "அங்கே இவர் எப்படி நிற்பது? அங்கே ஒளிந்திருக்கப் போவது நான் அல்லவா, டார்லிங்! அவருடைய வாடிக்கையாளர் என்னைப் பார்த்தால் மட்டும் பரவாயில்லையா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எங்கே நிற்பாய்?"

"நானும் சமையலறையில்தான்" என்றேன்.

மேர்ல் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கை காட்டிக்கொண்டு போனார். இவர் சமையலறை. இவரும் சமையலறை. இவருடைய மனைவி, பிள்ளைகள், சமையலறை. கடைசியில் வெளியே நிற்கக் கூடியவர்கள் போதகரும் அவர் மனைவியும் பீட்டரும் மட்டுமே.

"அந்தச் சமையலறையில் இத்தனை பேர் கொள்ளாது" என்றார் மேர்ல். "யாராவது ஓவனுக்குள் போகவேண்டும்."

முதலில் சிரித்தது குணம் அண்ணைதான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எல்லோரும் சிரித்தோம், போதகரின் மனைவி சூப் புரையேறி எழுந்து போனார். பிறகு அண்ணை சிரிப்பை நிறுத்தினார். துவாயால் வாயைத் துடைத்தார். கரண்டியைத் தட்டில் நேராக வைத்தார்.

"தங்கச்சி, மூண்டாம் தரம் கேளும்."

"யாருக்காவது மறுப்பு உண்டா?"

"நோ" என்றார் அண்ணை. அது கேள்விக்குச் சரியான பதில் அல்ல என்று உடனே யோசித்து, "ஐ சே நோ" என்று திருத்தினார்.

ஒருவர் சொன்னால் போதும். ஆனால் அன்று மேர்ல் சொன்னார், பீட்டர் எழுந்து நின்று சொன்னார், எல்லோரும் வரிசையாகச் சொன்னார்கள். அதுவரை வாய்க்குள் வைத்திருந்ததை வீணாக்க எவருக்கும் மனமில்லை. வந்த மனிதருக்குப் போதகர் தொலைபேசியில் பதில் சொன்னார். மறுபக்கத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் என்றார்.

பிறகு தட்டுக் கழுவும்போது போதகரிடம் கேட்டேன். "நான் மூன்றாம் முறை கேட்டும் எவரும் பேசாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?"

"நான் சொல்லியிருப்பேன்" என்றார். "சொல்லிவிட்டு இங்கிருந்து போயிருப்பேன். நான் ஒருவன் சொல்லித்தான் நிறுத்த வேண்டும் என்றால் பிறகு இது என்ன பண்ணை? என் பண்ணை. எனக்கென்று ஒரு பண்ணை வேண்டியிருக்கவில்லை."

அவர் மனைவி துணியால் கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சும்மா சொல்லவில்லை. காலையிலேயே பெட்டி கட்டிவிட்டார். என் நல்ல கம்பளிச் சட்டையையும் அதற்குள் வைத்துவிட்டார். அதுதான் காலையிலிருந்து இந்தக் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்."

பெரிய மனிதர்கள் அமைதியாக இருக்கும்போது அவர்களுக்குப் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி இரண்டாவது விதி. இல்லை சொன்னவர் வேறு வழி கொண்டுவர வேண்டும். அன்று எல்லோரும்தான் சொன்னோம். ஆனாலும் முதலில் சொன்னவர் தான் என்று குணம் அண்ணை பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பண்ணையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கிரீன்ஹவுஸின் பின் மூலையில் மேர்ல் தனக்கென்று ஒரு பாத்தி வைத்திருந்தார். அதில் அவர் ஊர்க் கீரை, கலலு என்பார். அதன் விதை விழுந்து பாத்திகளெல்லாம் முளைக்கும். பீட்டர் களை என்று பிடுங்கி எறிவார். அவர்களுக்குள் ஓயாத வழக்கு. அந்தப் பக்கம் எங்களுக்கு வேலை இருந்ததில்லை. அன்றுதான் அண்ணை அதைக் கிட்டப் பார்த்தார்.

"தங்கச்சி, ஓடி வாரும்! இது எங்கட முளைக்கீரை எல்லோ!"

மேர்ல் அதை உப்பு மீனோடு வதக்கினார். அண்ணை பச்சை மிளகாய் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்தார். இரண்டையும் மேசையில் வைத்தார்கள். பீட்டர் இரண்டிலும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இத்தனை வருடமாக நான் உரக் குழிக்குள் போட்டது இதையா?" என்று கேட்டார்.

தக்காளி எடுத்த இடங்களிலெல்லாம் கீரை விதைத்தோம். சூட்டில் அது வளரும் வேகம் உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தமிழ்ச் சனத்துக்கு, சனிக்கிழமை மேர்லின் ஆட்களுக்கு, வானிலேயே கொண்டுபோய் விற்பது என்பது அண்ணையின் வழி. மூன்று முறை கேட்டோம். மறுப்பு இல்லை.

நிலம் தப்பியதா என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பாதி தப்பியது. கோடை முடிவில் சொந்தக்காரர் வந்து பார்த்து, வீடும் கொட்டிலும் கிரீன்ஹவுஸும் உள்ள பாதிக்குக் குத்தகையைப் புதுப்பித்தார். மேற்குப் பக்க நிலம் போய்விட்டது. அதற்காக அழுத ஆள் இல்லை. இடம் சுருங்கியதால் சிலர் வெளியே போய் ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் காலி நிலங்களைக் கேட்டு வாங்கித் தோட்டம் போட்டார்கள். உங்களில் சிலருடைய மேசைகளில் இன்றைக்கும் மூன்று முறை கேட்கிறார்கள் என்றால், அது அப்படிப் போனதுதான்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பது முதல் வெள்ளிக்கிழமையைப் பற்றி.

காலையில் தூறல், பிறகு வெயில். முன் சீற்றில் மூன்று பேர்: அண்ணை ஓட்ட, நடுவில் நான், கரையில் மேர்ல். நோர்த் சேர்குலர் சாலையில் வாகனங்கள் நகரவில்லை. மேர்ல் யன்னலைத் திறந்து பக்கத்து லொறிக்காரருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். வெஸ்ட் ஈலிங்கில், மதியப் பூசை முடிந்து கோயில் சனம் வரும் தெருவில் வானை நிறுத்திப் பின்கதவைத் திறந்தோம். கீரைக் கட்டுகள் பச்சைப் பசேல் என்று இருந்தன. மேர்ல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

பெண்கள் கூடினார்கள். "முளைக்கீரையோ? இஞ்சையோ விளைஞ்சது? கடவுளே!" என்று ஆளுக்காள் சொன்னார்கள். ஆனால் எவரும் கிட்ட வரவில்லை. அரை வட்டமாக நின்றார்கள். பட்டுச்சேலை கட்டிய ஓர் அக்கா அண்ணையைக் கொஞ்சம் ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனுசி, முகத்தில் சிரிப்பு.

"தம்பி, எந்த ஊர்?"

"கொக்குவில் அக்கா."

"நல்லது, நல்லது. நான் ஒண்டு சொல்லுறன், குறை நினையாதையும். அந்தக் கறுவல் மனுசியை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர்? கோயிலுக்கு வாற சனம், வெள்ளிக்கிழமை வேற. நீர் தனிய வந்து நிண்டால் ஒரு கட்டும் மிஞ்சாது. அவவை வானுக்குள்ள இருக்கச் சொல்லுமன்."

அண்ணையைப் பார்த்தேன். அவருடைய பத்திரங்கள், மனைவி, மகள், அறை, நிலம், எல்லாம் அந்தக் கீரைக் கட்டுகளில் இருந்தன. அவருடைய சொந்தப் பாசையில், தம்பி என்று கூப்பிட்டு, அன்பாகக் கேட்கிறார்கள். மேசை இல்லை, விதி இல்லை, சூப் இல்லை. மூன்று முறை கேட்க நேரமும் இல்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் மேர்ல்.

மொழிபெயர்க்க வேண்டும் என்பது சட்டம். என் வாய் திறக்கவில்லை.

அண்ணை அந்த அக்காவிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அக்கா, இது அவவின்ர கீரை. விதை அவவின்ர. பாத்தி அவவின்ர. நான் வான் ஓட்டுற ஆள். விக்கிறதுக்கு என்னட்ட ஒண்டுமில்லை. வேணுமெண்டால் அவவிட்டக் கேட்டு வாங்குங்கோ. வேண்டாமெண்டால் திருப்பிக் கொண்டு போறம்."

சொல்லிவிட்டு நடந்து போய், முன் கதவைத் திறந்து, டிரைவர் சீற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கதவைச் சாத்தினார்.

மேர்ல் என்னைப் பார்த்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்; அப்படியான பேச்சை எந்தப் பாசையிலும் கேட்டுப் பழகியவர். அவர் ஒரு கட்டை எடுத்து உதறி, தண்ணீர் தெறிக்க உயர்த்திப் பிடித்தார். கையைத் தாழ்த்தவே இல்லை.

பிள்ளை வண்டியோடு நின்ற ஓர் இளம்பெண் முன்னால் வந்தாள். "ஃப்ரெஷ்ஷா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஃப்ரெஷ்ஷா?" என்றார் மேர்ல். "டார்லிங், நான் பறிக்கும்போது இது இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது."

அவள் சிரித்துவிட்டாள். இரண்டு கட்டு வாங்கினாள். பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இருவர். மேர்ல் ஒவ்வொருவருக்கும் தண்டை எப்படி வெட்டுவது என்று சொல்லிக்கொடுக்க, அவர்கள் அப்படியில்லை, இப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க, தெருவில் ஒரே கலகலப்பு. பட்டுச்சேலை அக்கா கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். பிறகு வரிசையில் வந்து நின்றார். எங்களை அவர் மன்னித்தாரா, கீரையில் அவ்வளவு ஆசையா, எனக்குத் தெரியாது. மேர்ல் அவருக்கும் டார்லிங் என்றுதான் கொடுத்தார்.

எனக்கு இரண்டு கை போதாமல் போயிற்று. முன்பக்கம் ஓடினேன். அண்ணை இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடவில்லை.

"அண்ணை, இறங்கி வாங்கோ. சனம் கூடிட்டுது. எங்கள் ரெண்டு பேராலயும் ஏலாது."

"உண்மையாவோ?"

"நீங்களே வந்து பாருங்கோ."

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நம்பவில்லை போலிருந்தது. கைகளை எடுக்கவும் இல்லை. அப்போது வானின் பின்பக்கத்திலிருந்து, அந்தத் தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி மேர்லின் குரல் வந்தது.

"குணம்! நீ டிரைவரா, பயணியா? இறங்கி வா, பெட்டி பாரமாக இருக்கிறது!"

அண்ணை கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.